அலுமினிய வயரை இறுக்கவும் ஒரு கணக்கு உண்டு

“எம்.சி.பி. விழவே இல்லீங்களே, அப்புறம் எப்படிங்க கருகுச்சு?”

கோபிச்செட்டிபாளையம் வட்டாரத்தில் வயரிங் வேலை எடுத்துச் செய்யும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. நல்ல கம்பெனி எம்.சி.பி., நல்ல கம்பெனி கேபிள், ஆர்.சி.சி.பி.கூட மாட்டியிருப்பார்கள். ஆனாலும் மெயின் பாக்ஸைத் திறந்தால் ஒரே ஒரு டெர்மினல் மட்டும் கரிபிடித்து, அதில் நுழைகிற வயரின் உறை நாலு விரல் நீளத்துக்கு உருகிக் கிடக்கும். அதற்கு அப்பால் வயர் புதிதுபோல இருக்கும். வயரில் தொடங்காமல், வயர் போய்ச் சேர்கிற இடத்தில் தொடங்கிய தீ அது. அப்படிக் கருகிய வயரைச் சுரண்டிப் பார்த்தால் பல நேரம் அலுமினியமாக இருக்கும்.

எம்.சி.பி.க்குத் தெரிந்தது இரண்டே விஷயம். அளவுக்கு மேல் கரண்ட் நீடித்தால் விழும், ஷார்ட் ஆனால் உடனே விழும். ஆர்.சி.சி.பி.க்குத் தெரிந்தது கசிவு. தளர்ந்த இணைப்பில் இவை எதுவும் நடப்பதில்லை. போகவேண்டிய கரண்ட்தான் போகிறது. போகிற வழியில் ஒரு புள்ளியில் மட்டும் நெருக்கடி.

அந்தப் புள்ளியில் எவ்வளவு சூடு வரும் என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். கரண்டை அதே கரண்டால் பெருக்கி, வரும் எண்ணை மின்தடையால் பெருக்கினால் சூடு வாட் கணக்கில் கிடைக்கும். ஏ.சி., கீசர், மோட்டார் எல்லாம் சேர்ந்து 30 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சுத்தமாகச் செய்த லக் (வயர் முனையில் நசுக்கி மாட்டும் உலோகக் குழல்) இணைப்பில் மின்தடை, ஓர் ஓமில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும். சூடு 0.1 வாட்கூட வராது. அதே இணைப்பு தளர்ந்து, மின்தடை 0.05 ஓம் ஆனால் 45 வாட். ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதைவிடப் பெரிய ஒன்றைப் பூட்டிய பெட்டிக்குள், பிளாஸ்டிக் மேல் படும்படி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம். அந்த இடத்தில் குறையும் வோல்டேஜ் ஒன்றரை வோல்ட். 230 வர வேண்டிய இடத்தில் 228.5 வந்தால் யாருக்குத் தெரியும்? லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, டெர்மினல் வெந்துகொண்டிருக்கிறது.

எங்கே இருக்கிறது அலுமினியம்?

“எங்க வீட்டுல எல்லாம் காப்பர்தானுங்க” என்பார்கள். சுவருக்குள் ஓடுவது காப்பராக இருக்கலாம். கம்பத்திலிருந்து மீட்டருக்கு இறங்கும் சர்வீஸ் வயரைப் பாருங்கள். பெரும்பாலும் அலுமினியம். அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழே மீட்டர் அறையிலிருந்து ஒவ்வொரு மாடிக்கும் ஏறுகிற தடித்த ஆர்மர்டு கேபிளும் பல இடங்களில் அலுமினியமே. தோப்பில் சர்வீஸ் பெட்டியிலிருந்து மோட்டார் ரூம் வரைக்கும் மண்ணுக்குள் புதைத்த கேபிள், கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரிலிருந்து வரும் கேபிள், சின்னத் தொழிற்கூடங்களின் மெயின் லைன் எல்லாம் இந்த வகைதான். 1960களிலிருந்து 80கள் வரை கட்டிய வீடுகளில், மரச்சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓடுகிற வயரிங்கிலும் அலுமினியம் ஏராளம். தாமிரத்துக்கு அப்போது நாட்டில் தட்டுப்பாடு. ஆகவே வீட்டு வயருக்கும் அலுமினியம் வந்தது. இரண்டு பல்பும் ஒரு ஃபேனும் இருந்த காலத்தில் அது தாங்கியது. அதே வயரில் இன்று இண்டக்‌ஷன் அடுப்பும் ஏ.சி.யும் தொங்குகின்றன.

வெள்ளி நிறமாக இருப்பதெல்லாம் அலுமினியம் என்றும் முடிவு கட்டக் கூடாது. பழைய ரப்பர் உறை வயர்களில் வெள்ளீயம் பூசிய தாமிரம் உண்டு; கத்தியால் லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும். இதற்கு நேர் எதிரான சரக்கும் சந்தையில் இருக்கிறது. மேலே செம்பு நிறம், சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் தாமிர முலாம் பூசியது. விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்வதால் அலுமினியம் மட்டமான உலோகம் என்று எண்ணிவிட வேண்டாம். தாமிரத்தின் மின்கடத்தும் திறனில் சுமார் 61 சதவீதம் அதற்கு உண்டு. எடையோ தாமிரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே சற்றுத் தடித்த அலுமினியக் கம்பி, அதே வேலையைச் செய்யும் தாமிரக் கம்பியில் பாதி எடையில் முடிந்துவிடும். விலையும் வெகு குறைவு. உயர் அழுத்தக் கோபுரங்களில் காடு மலை தாண்டி ஓடுகிற கம்பிகளெல்லாம் உலகெங்கும் அலுமினியம்தான். பலவற்றின் நடுவில் வலுவுக்கு எஃகு இழை வைத்திருப்பார்கள். நமக்கு அந்நியமான உலோகமும் இல்லை. ஏற்காட்டு மலையில் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் 1960களிலேயே அலுமினியம் காய்ச்சினார்கள். கம்பியாக ஓடுகிறவரை அதன்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு திருகுக்கு அடியில் போய் உட்காரும்போதுதான் அதற்குத் தனி மரியாதை தேவைப்படுகிறது.

அமெரிக்கா கற்ற பாடம்

இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படித்த நாடு அமெரிக்கா. 1960களின் நடுவில் அங்கே தாமிரம் விலை ஏறியது. 1965 முதல் 1973 வரை கட்டிய ஏராளமான வீடுகளில் சுவிட்சுக்கும் பிளக்குக்கும் போகும் சிறு வயர்களையும் அலுமினியத்தில் இழுத்தார்கள். சுவிட்சும் பிளக்கும் தாமிரத்துக்கென்று வடிவமைத்தவை. எலெக்ட்ரீசியன்களின் கைப்பழக்கமும் தாமிரத்துக்குப் பழகியது. சில வருடங்களிலேயே பிளக் பாயிண்டுகள் சூடாவதும் கருகுவதும் தொடங்கின. அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஆய்வு நடத்தச் செய்தது. 1972க்கு முன் அலுமினிய வயர் இழுத்த வீடுகளில், ஏதாவது ஓர் இணைப்பாவது தீப்பிடிக்கும் நிலையை எட்டுவதற்கான வாய்ப்பு, தாமிர வீடுகளைவிட 55 மடங்கு என்று அந்த ஆய்வு சொன்னது.

அதன்பிறகு அலுமினியக் கலவையை மாற்றினார்கள், டெர்மினல்களை மாற்றினார்கள். பழைய வீடுகளைச் சரிசெய்ய அந்த ஆணையம் ஏற்றுக்கொண்ட வழிகள் மிகச் சில. முழுக்கத் தாமிரத்துக்கு மாற்றுவது ஒன்று. தனிக்கருவியால் அழுத்தி ஒட்டும் இணைப்பு ஒன்று. மூன்றாவது, அலுமிகான் என்கிற சின்னத் திருகுக் கனெக்டர். அலுமினியத்துக்கு ஒரு துளை, தாமிரத்துக்கு ஒரு துளை. இரண்டு உலோகமும் நேராகத் தொட்டுக்கொள்ளாது. அதன் திருகை, அளவு காட்டும் ஸ்க்ரூடிரைவரால் குறிப்பிட்ட எண்ணுக்கு முறுக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு அமெரிக்க மின் விதித்தொகுப்போ, சாதனத்தின் மேல் முறுக்கு அளவு குறித்திருந்தால் அளவுக் கருவியைக் கொண்டுதான் முறுக்க வேண்டும் என்று பொதுவிதியாகவே சேர்த்துவிட்டது.

அலுமினியத்தின் நாலு குணம்

தாமிரத்தைத் திருகி விட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. அலுமினியம் ஏன் கிடப்பதில்லை? நாலு காரணம்.

ஒன்று, அதன் மேல்தோல். அலுமினியத்தைச் சுரண்டிய மாத்திரத்தில் காற்றுப்பட்டு ஓர் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெட்டியானது, மின்சாரத்தைக் கடத்தாதது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். இந்தப் படலம் 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். பளபளவென்று இருக்கிறதே என்று வயரை அப்படியே திருகினால், திருகுக்கும் உலோகத்துக்கும் நடுவில் ஒரு தடுப்பை வைத்துத் திருகியதாகத்தான் அர்த்தம்.

இரண்டு, அது நகரும். அலுமினியம் மென்மையான உலோகம். ஒரு திருகு முனை அதை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால், நாளாவட்டத்தில் அழுத்தத்திலிருந்து விலகி பக்கவாட்டில் பிதுங்கும். சூடு ஏறினால் இன்னும் வேகமாகப் பிதுங்கும். திருகு ஒரு சுற்றுக்கூடத் திரும்பியிருக்காது. ஆனால் இறுக்கம் போயிருக்கும்.

மூன்று, அது அதிகமாக விரியும். ஒரு டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டர் அலுமினியம் 23 மைக்ரான் நீளும். தாமிரம் 17, இரும்பு 12. இரும்புத் திருகுக்கு அடியில் அலுமினியம் சூடானால் விரிய இடமில்லாமல் நசுங்கும். குளிர்ந்தால் சுருங்கி இடைவெளி விடும். மோட்டார் ஓடும்போதும் நிற்கும்போதும் இது நடக்கிறது. மும்முனை மின்சாரம் வந்து வந்து போகிற தோப்புகளில் இது தினசரி நடக்கிறது.

நான்கு, அதற்கும் தாமிரத்துக்கும் ஈரத்தில் ஆகாது. இரண்டும் நேராகத் தொட்டுக்கொண்டு, நடுவில் ஈரமும் சேர்ந்தால், அங்கே ஒரு சின்ன பேட்டரி உருவாகி அலுமினியம் அரித்துப் போகும். வெள்ளைப் பொடி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழை படுகிற கம்பத்திலும் கிணற்றடியிலும் தாமிர வயரையும் அலுமினிய வயரையும் முறுக்கி டேப் சுற்றி விடுகிறார்களே, அது இந்தத் தொழிலிலேயே ஆக மோசமான வேலை.

நாலும் ஒன்றையொன்று தூக்கிவிடும். படலத்தால் சூடு; சூட்டால் பிதுக்கம்; பிதுங்கியதால் தளர்ச்சி; தளர்ந்த சந்துக்குள் காற்றும் ஈரமும் போய் மறுபடி படலம். ஆரம்பத்தில் வருடங்கள் எடுக்கும். கடைசிக் கட்டம் ஒரு கோடைக்குள் முடிந்துவிடும்.

தோப்பில் ஒரு வேலை

சத்தியமங்கலம் சாலையில் ஒரு தென்னந்தோப்பு. 10 ஹெச்.பி. மோட்டார். சர்வீஸ் பெட்டியிலிருந்து மோட்டார் ரூமுக்கு 16 சதுர மில்லிமீட்டர் அலுமினிய கேபிள். ஒரு பேஸ் அடிக்கடி போய், மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கிறது என்று கூப்பிட்டார்கள். மெயின் சுவிட்சைத் திறந்தால் நீலப் பேஸ் டெர்மினல் பழுப்பேறி, பக்கத்து பேக்கலைட் வெடித்திருந்தது.

தோட்டத்துப் பெரியவருக்கு ஆத்திரம்.

“ஏந் தம்பி, போன மாசந்தானே ஒரு பையன் வந்து நல்லா டைட் வச்சுட்டுப் போனான்?”

“வச்சிருக்காருங்கய்யா. வச்ச விதந்தான் தப்பு. இங்க பாருங்க.”

மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியர்களைப் பிடுங்கிக் கையோடு வைத்துக்கொண்டு, மூன்று பேஸிலும் நியூட்ரலிலும் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்த பிறகு வயரை வெளியே இழுத்தேன். ஏழு இழை இருக்க வேண்டிய கேபிளில் ஐந்துதான் துளைக்குள் இருந்தது. துளை சின்னது என்று இரண்டு இழையை முதலில் மாட்டியவர் வெட்டி விட்டிருக்கிறார். மிச்ச ஐந்தின் மேல் திருகு முனை நேரடியாக ஏறி, இரண்டு இழையைப் பாதிக்கு மேல் அறுத்திருந்தது. ஆக, 16 சதுர மில்லிமீட்டருக்குக் காசு கொடுத்து, டெர்மினலில் மிஞ்சியது ஏறக்குறைய பாதி உலோகம்தான். தளர்ந்தபோதெல்லாம் மேலும் மேலும் திருகியதில் வந்த வினை.

கருகிய இணைப்பைத் துடைத்து மறுபடி திருகுவது வீண். சூட்டில் அலுமினியம் இன்னும் மென்மையாகியிருக்கும். டெர்மினலின் ஸ்பிரிங்குகளும் விறைப்பு இழந்திருக்கும். நல்ல உலோகம் வருகிறவரை கேபிளை வெட்டி ஒதுக்க வேண்டும். மெயின் சுவிட்சையும் மாற்ற வேண்டும். கேபிள் புதைத்தவர் நல்லவேளையாக ஒரு சுற்று அதிகம் விட்டிருந்தார்.

புதிய முனையை எப்படிச் செய்கிறோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வேலை செய்கிறவரைப் பக்கத்தில் நின்று பார்க்கும்போது உங்களுக்கு உதவும்.

உறையை உரிக்கும்போது பிளேடை வயரைச் சுற்றி வட்டமாக ஓட்டக் கூடாது. அலுமினியத்தில் விழுந்த சின்னக் கீறல் நாளை அது ஒடிகிற இடம். உரித்த உலோகத்தின் மேல் ஜாயின்ட் கம்பவுண்டு தடவுகிறோம். துத்தநாகத் துகள் கலந்த கிரீஸ் போன்ற பசை அது. தடவிய பிறகு, அந்தப் பசைக்குள்ளேயே எஃகு பிரஷ்ஷால் இழைகளைத் தேய்க்க வேண்டும். வரிசை முக்கியம். முதலில் தேய்த்துவிட்டுப் பிறகு பசை தடவினால், நடுவில் கிடைத்த அவகாசத்தில் படலம் மறுபடி வந்திருக்கும். பசைக்குள் தேய்த்தால் படலம் உடையும், உடைந்த இடத்தில் காற்று படாது. தாமிரம் தேய்த்த பிரஷ்ஷை இதற்கு எடுப்பதில்லை.

அடுத்து லக். கேபிள் அலுமினியம், சுவிட்சின் கட்டை தாமிரம் அல்லது பித்தளை. அதனால் பைமெட்டாலிக் லக் போட்டோம். குழல் பகுதி அலுமினியம், போல்ட் ஏறும் தட்டைப் பகுதி தாமிரம். இரண்டும் தொழிற்சாலையிலேயே உராய்வால் ஒட்டியது. காற்று புகாத அந்த ஒட்டில் அரிப்பு வராது. 16 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்கு அதே அளவு லக். கேபிளில் இழையை வெட்டுவதும் கூடாது, பெரிய லக்கில் கம்பித்துண்டு செருகி நிரப்புவதும் கூடாது. பெரிய கேபிள்களில் உள்கம்பி வட்டமாக இல்லாமல் கால்வட்டத் துண்டுபோல இருக்கும். அதை உருட்டுவதற்குரிய அச்சால் வட்டமாக்கிய பிறகே லக்குக்குள் ஏற்ற வேண்டும்.

லக்கை நசுக்குவதற்குக் கிரிம்பிங் டூல் இருக்கிறது. உளியும் சுத்தியலும் வைத்து அடிக்கிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அடித்த லக் வெளியே கெட்டியாகத் தெரியும். உள்ளே பாதி இழை தொடாமல் கிடக்கும். கேபிள் அளவுக்கேற்ற அச்சைப் பூட்டி, போல்ட் துளை இருக்கிற பக்கத்தில் முதல் அழுத்து, பிறகு கேபிள் பக்கமாக அடுத்தது. வெளியே பிதுங்கிய பசையைத் துடைத்துவிட்டு லக்கைக் கட்டையில் வைத்தோம்.

போல்ட்டுக்கு அடியில் அகலமான தட்டை வாஷர். அழுத்தம் ஒரே இடத்தில் குத்தாமல் பரவ அது வேண்டும். அதன்மேல் கிண்ணம்போல் குழிந்த ஸ்பிரிங் வாஷர். உலோகம் விரிந்தாலும் சுருங்கினாலும் அது பிடியை விடாது. போல்ட் மரையில் பசை படாமல் பார்த்துக்கொண்டோம். மரையில் வழவழப்பு ஏறினால் அதே முறுக்குக்குப் பிடி அளவுக்கு மீறும். கடைசியில், முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். சுவிட்சோடு வந்த தாளில் எவ்வளவு என்று அச்சடித்திருந்தது. அந்த எண்ணில் வைத்து முறுக்கினால் ‘கிளிக்’ என்று சத்தம் வரும். அதோடு நிறுத்திவிட வேண்டும். நட்டுக்கும் கட்டைக்கும் குறுக்கே பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. நாளைக்கு நட்டு திரும்பியிருந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

“இதுக்கா இவ்வளவு நேரம்?” என்றார் பெரியவர். ஒரு பேஸ் போய் மோட்டார் காயில் எரிந்தால் ரீவைண்டிங்குக்கு என்ன ஆகும் என்பது அவருக்கே தெரியும். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

கை பலத்தை நம்பலாமா?

முறுக்கை நியூட்டன் மீட்டரில் அளக்கிறார்கள். ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் சுமார் 100 கிராம் எடையைத் தொங்கவிட்டால் வருவது ஒரு நியூட்டன் மீட்டர். வீட்டு எம்.சி.பி.களில் பெரும்பாலும் 2லிருந்து 3.5க்குள் ஓர் எண் போட்டிருக்கும். பக்கவாட்டிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். எம்.சி.பி.யை வாங்கி மாட்டுகிறவர்களில் அதைப் படிக்கிறவர் குறைவு. அதே இடத்தில் எந்த உலோக வயருக்கு அந்த டெர்மினல் ஏற்றது என்றும் குறி இருக்கும். ‘சி-யு’ என்றால் தாமிரம், ‘ஏ-எல்’ என்றால் அலுமினியம். தாமிரக் குறி மட்டும் இருக்கிற டெர்மினலில் அலுமினியத்தை எவ்வளவு பக்குவமாக முறுக்கினாலும் பிரயோசனமில்லை. லக் போட்டோ, கனெக்டர் வைத்தோ, தாமிரத் துண்டாக மாற்றித்தான் உள்ளே விட வேண்டும்.

எங்கள் பையன்களிடம் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து முறுக்கச் சொல்லி, பிறகு அளவுக் கருவியால் சோதித்திருக்கிறேன். ஒருவன் முறுக்கியது பாதிதான் இருக்கும், இன்னொருவன் முறுக்கியது திருகின் தலையையே தின்றிருக்கும். இருவரும் ‘ஃபுல் டைட்’ என்றே சொல்வார்கள். காலையில் முறுக்குகிற கைக்கும் சாயங்காலம் ஏணி மேல் நின்று முறுக்குகிற கைக்கும் ஒரே பலம் இருக்காது. குறைவாக முறுக்கினால் சூடு. அதிகமாக முறுக்கினால் இழை அறுபடும், மரை போகும். தாமிரம் நம் அலட்சியத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். அலுமினியத்திடம் அந்தப் பொறுமை இல்லை. டார்க் ஸ்க்ரூடிரைவர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு டிரில்லிங் மெஷினுக்குக் கொடுக்கத் தயங்காதவர்கள் இதற்கு மட்டும் யோசிக்கிறார்கள்.

இங்கே பரவலாக இருக்கிற ஒரு நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். அலுமினிய இணைப்பை வருடத்துக்கு ஒருமுறை ‘ஒரு டைட்’ வைத்தால் போதும் என்பது. புதிதாக மாட்டும்போது பல இழை கேபிளை ஒருமுறை அளவுக்கு முறுக்கி, சில நிமிடம் விட்டு, இழைகள் படிந்தபின் அதே எண்ணுக்கு மறுமுறை பார்ப்பது சரி. அதற்குப் பிறகு, வருகிறவர் போகிறவரெல்லாம் ஆளுக்குக் கால் சுற்று ஏற்றினால் தோப்பில் பார்த்த கதைதான். பராமரிப்பு என்றால் முதலில் சூட்டைப் பார்க்க வேண்டும். லோடு ஓடும்போது தெர்மல் கேமராவில் பார்த்தால் ஒரே அளவு கரண்ட் போகும் மூன்று பேஸில் எது தனியாகச் சிவக்கிறது என்று தெரிந்துவிடும். சூடேறிய இணைப்பைக் கழற்றி, வெட்டி, புதிதாகச் செய்ய வேண்டும். சூடேறாத இணைப்பை நோண்ட வேண்டியதில்லை.

நியூட்ரல் தளர்ந்தால்

பேஸ் தளர்ந்தால் அந்த டெர்மினலோடு போகும். நியூட்ரல் தளர்ந்தால் வீடு முழுக்கப் போகும். மூன்று பேஸ் வருகிற வீட்டிலும் குடியிருப்பிலும் 230 வோல்ட்டை நிலைநிறுத்துவது நியூட்ரல்தான். மெயின் பேனலில் அந்த ஓர் அலுமினிய இணைப்பு விட்டுப்போனால், லோடு அதிகம் உள்ள பேஸில் வோல்டேஜ் படுத்துவிடும். லோடு குறைந்த பேஸில் 300, 350 என்று ஏறும். ஒரு அறையில் லைட் மங்கலாகவும் அடுத்த அறையில் கண் கூசுகிற மாதிரியும் எரியும். டி.வி., ஃப்ரிட்ஜ், செட்டாப் பாக்ஸ் வரிசையாகப் புகைவிடும். ‘ஹை வோல்டேஜ் வந்துருச்சு’ என்று மின்வாரியத்தைத் திட்டுவதற்கு முன் உங்கள் மெயின் பேனலின் நியூட்ரல் கட்டையையும் பார்க்கச் சொல்லுங்கள். இப்படி லைட் ஏறி இறங்குவதைக் கண்டால் யோசிக்காமல் மெயினை அணைக்க வேண்டும்.

வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். மீட்டருக்கு முந்திய பகுதி மின்வாரியத்துக்குச் சொந்தம், சீல் வைத்திருக்கும். அங்கே சந்தேகம் என்றால் பிரிவு அலுவலகத்தில் புகார் கொடுக்க வேண்டும். மீட்டருக்குப் பிந்தியது உங்கள் பொறுப்பு. அதையும் தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கிற வயர்மேனைக் கொண்டுதான் பார்க்க வேண்டும். அதற்கென்றே தமிழக அரசின் மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது.

உங்களால் செய்ய முடிந்தது கவனிப்பது. மோட்டாரோ ஃப்ரிட்ஜோ கிளம்பும்போது லைட் ஒருமுறை சிமிட்டுகிறதா? பெட்டியின் மூடியை, திறக்காமல், புறங்கையால் தொட்டால் ஒரு பக்கம் வெதுவெதுப்பாக இருக்கிறதா? மீன் அழுகினாற்போல ஒரு வாடை வருகிறதா? பிளாஸ்டிக்கும் பேக்கலைட்டும் வேகிற வாடை அது. சுவிட்ச் பக்கத்தில் ‘உஸ்’ சத்தமோ, சுவரில் பழுப்புக் கறையோ தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அந்த லைனை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று ஏ.சி.யைப் போட்டுத் தூங்காதீர்கள்.

பழைய அலுமினிய வயரிங் உள்ள வீட்டை வாங்குகிறவர்கள் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு முன் வயரிங்கைத் திறந்து பாருங்கள். ஏ.சி., கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றுக்கு மெயினிலிருந்தே தனித்தனித் தாமிர லைன் இழுத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. முழுவதையும் மாற்ற வசதியில்லாதவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

இந்தத் தொழிலில் இருக்கிற நாங்களும் மாற வேண்டும். ஆனால் கேட்காத வேலையை எந்தத் தொழிலிலும் யாரும் செய்வதில்லை. ஆகவே அடுத்த முறை வயரிங் கொட்டேஷன் வாங்கும்போது, கேபிள் கம்பெனி பெயரோடு மூன்று வரி கூடுதலாக எழுதி வாங்குங்கள்: அலுமினிய முனைகளுக்கு உரிய லக்கும் ஜாயின்ட் கம்பவுண்டும் போட வேண்டும்; கிரிம்பிங் டூலால் அழுத்த வேண்டும்; எல்லா டெர்மினலையும் அச்சிட்ட அளவுக்கு டார்க் கருவியால் முறுக்கிக் கோடு போட வேண்டும். இதற்காகும் கூடுதல் செலவு, ஒரு நல்ல ஃபேனின் விலைக்குள் அடங்கிவிடும். எழுதித் தர மறுக்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.